பிள்ளைகளின் தேசத்தில் ஓய்வுக்காலம்

ஒருவர் உத்தியோகத்திலிருந்து விலகுவதை நம் நாட்டுத் தமிழில் 'இளைப்பாறுதல்' என்கிறோம். இளைப்பாறிய அதிபர், இளைப்பாறிய தபாலதிபர், இளைப்பாறிய எழுதுவினைஞர் என்றெல்லாம் கல்யாண அழைப்பிதழ்களிலும் மரண அறிவித்தல்களிலும் காண்கிறோம். சொல்லைச் சற்று உற்று நோக்கினால், அது முடிவைக் குறிக்கும் சொல் அல்ல என்பது புலப்படும். வழிநடந்து களைத்தவன் மரநிழலில் உட்கார்ந்து களைப்பாற்றிக்கொள்வதே இளைப்பாறுதல். இளைப்பாறியவன் எழும்பி மீண்டும் நடக்கத்தான் வேண்டும். எந்தத் திசையில் நடப்பது என்பதுதான் கேள்வி.

இந்தக் கேள்வி இன்று நமது சமூகத்தில் கடல் கடந்து எழுகின்றது. படிக்கப் போன பிள்ளைகளும் தொழிலுக்குப் போன பிள்ளைகளும் லண்டனிலும் மெல்பேர்ணிலும் ரொறொன்ரோவிலும் வீடு வாங்கிக் குடியேறிவிட்டார்கள். 60 வயதில் பென்சன் எடுத்த வாப்பாவும் உம்மாவும் வீட்டைப் பூட்டி, சாவியைச் சொந்தக்காரர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு அவர்களிடம் போய்ச் சேர்கிறார்கள். அங்கே சாப்பாட்டுக்குக் குறையில்லை. மருத்துவ வசதிக்கும் பெரும்பாலும் குறையில்லை. ஆனாலும் தொலைபேசியில் பேசும்போது, "எப்படி இருக்கிறீங்க சேர்?" என்று கேட்டால், "அல்ஹம்துலில்லாஹ், நல்லா இருக்கன்" என்ற பதிலுக்குப் பிறகு ஒரு மௌனம் வருகிறது. அந்த மௌனத்தின் பொருள் என்ன என்பதையே இக்கட்டுரை சிந்திக்க முயல்கின்றது.

ஊரில் ஓர் ஆசிரியர் உண்மையில் இளைப்பாறுவதே இல்லை. பாடசாலைப் பதிவேட்டில் பெயர் நீங்கினாலும் றோட்டில் இறங்கினால் அவர் 'சேர்'தான். விண்ணப்பப் படிவம் நிரப்ப ஒருவர் வருவார். பிரதேச செயலகத்திலிருந்து வந்த சிங்களக் கடிதத்தை வாசித்துச் சொல்லும்படி இன்னொருவர் வருவார். நிக்காஹ்வுக்குச் சாட்சி, ஜனாஸா வீட்டில் முன்நின்று செய்யும் காரியம், பள்ளிவாசல் நிர்வாகத்தில் எழுந்த பிணக்கு என்று எல்லாவற்றுக்கும் அவர் தேவைப்படுவார். இவை வேலையாகத் தெரிவதில்லை. ஆனால் இவைதான் அவரைத் தாங்கி நிற்கும் தூண்கள். விமானம் ஏறியதும் அந்தத் தூண்கள் ஒரே நாளில் விலகிவிடுகின்றன. அந்நிய நகரத்துப் பஸ்ஸில் அவர் வெறுமனே ஒரு முதியவர்.

நேரமும் அங்கே வேறாகிவிடுகிறது. நமது நாட்டில் மஃரிப் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரு மணித்தியால இடைவெளிக்குள்ளேயே நகர்கிறது. ஐவேளைத் தொழுகையே நமது நாளைப் பகுத்துத் தருகிறது. லண்டனில் டிசம்பர் மாதத்தில் மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஜூன் மாதத்தில் இரவு 9 மணிக்குப் பிறகுதான் மறையும். மாரியில் லுஹர், அஸர், மஃரிப் மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக ஓடி வருகின்றன. அதன்பின் நீண்ட இருட்டு. மகனும் மருமகளும் காலையில் வேலைக்குப் போய்விட, பேரப்பிள்ளைகள் பாடசாலைக்குப் போய்விட, கண்ணாடி ஜன்னலருகே ஒருவர் அமர்ந்திருக்கிறார்.

அரச ஓய்வூதியம் பெறுவோர் ஆண்டுக்கொரு முறை தாம் உயிரோடிருப்பதை உறுதிப்படுத்திச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். வெளிநாட்டில் இருப்போர் நமது தூதரகத்தின் ஊடாக அதனைச் செய்கிறார்கள். மூச்சு இருக்கிறது என்பதற்குத் தூதரகம் சான்று தரும். வாழ்கிறோம் என்பதற்கு யார் சான்று தருவது?

இந்நிலைக்கு இரண்டு விடைகள் வழமையாகச் சொல்லப்படுகின்றன. முதலாவது, "சும்மா இருக்காதீங்க, ஏதாவது செய்துகொண்டிருங்க" என்பது. நடை, தொலைக்காட்சி, வட்ஸ்அப், கடைக்குப் போய் வருதல் என நாளை நிரப்பிவிட்டால் போதும் என்ற கருத்து இது. ஆனால் நாளை நிரப்புவதும் மனம் நிறைவதும் ஒன்றல்ல. ஊர்ச் செய்திகளைக் கைத்தொலைபேசியில் காலை முதல் இரவு வரை பார்த்துக்கொண்டிருப்பவருக்கு ஒரு நிமிடமும் மிச்சமில்லை. ஆனால் அவர் இரு இடங்களிலும் இல்லாதவராகிவிடுகிறார். கிரேக்க ஞானி அரிஸ்டோட்டில், மனிதன் உழைப்பதே ஓய்வைப் பெறுவதற்காகத்தான் என்று கருதினார். பொழுதுபோக்கையும் ஓய்வையும் அவர் வேறுபடுத்திக் காட்டினார். களைத்தவன் மீண்டும் உழைப்பதற்காகக் கொள்ளும் மருந்து பொழுதுபோக்கு. ஓய்வோ, தனக்காகவே விரும்பத்தக்க காரியங்களில், சிறப்பாகச் சிந்தனையில் ஈடுபடும் காலம். ஆங்கிலத்தில் பாடசாலையைக் குறிக்கும் 'ஸ்கூல்' என்ற சொல்லும், ஓய்வைக் குறிக்கும் 'ஸ்கோலே' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததே. ஆசிரியர்களாகிய நாம் வாழ்நாளெல்லாம் மணியோசைக்கு ஓடிய இடத்தின் பெயர் ஓய்வு என்பது வேடிக்கைதான்.

இரண்டாவது விடை, "இனி என்ன இருக்கு, தஸ்பீஹைக் கையில் எடுத்து மௌத்தை எதிர்பார்த்திருப்பதுதானே" என்பது. பக்தியின் குரலில் வருவதால் இதை மறுத்துப் பேசப் பலர் தயங்குவர். இபாதத்தின் சிறப்பை எவரும் மறுக்கவில்லை. ஆனால் மார்க்கம் இதை இவ்வாறுதான் சொல்கிறதா? ஆரோக்கியமும் ஓய்வு நேரமும் மனிதர்களில் அநேகர் நட்டமடைந்துவிடும் இரண்டு அருட்கொடைகள் என்ற கருத்தை நபியவர்கள் (ஸல்) உணர்த்தியிருக்கிறார்கள். ஒரு பணி முடிந்ததும் மற்றொன்றில் முயற்சி கொள்ளுமாறு 94ஆவது அத்தியாயம் வழிகாட்டுகிறது. இரவெல்லாம் நின்று வணங்கி, பகலெல்லாம் நோன்பிருந்த இளம் தோழர் ஒருவரை அழைத்து, உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் வரும் விருந்தினருக்கும் உரிமைகள் உண்டு என்று நபியவர்கள் நினைவூட்டினார்கள். மறுமை நாளே வந்துவிட்டாலும் கையிலிருக்கும் கன்றை நட்டுவிடும்படி கூறும் ஹதீஸையும் நாம் அறிவோம். அந்தக் கன்றின் கனியை நடுபவர் உண்ணப்போவதில்லை. உண்ண எவருமே இருக்கப்போவதில்லை. ஆயினும் நடுதல் வீணல்ல. முதுமைக்கு இதைவிட நெருக்கமான உவமை எனக்குத் தெரியவில்லை.

பேரப்பிள்ளைகளைப் பார்ப்பது போதாதா என்று கேட்கலாம். அது பெரிய பாக்கியம். மூத்தவாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பாடசாலைக்குப் போகும் பிள்ளை வழியில் கேட்டுப் பழகும் தமிழ், வேறு எந்த வகுப்பிலும் கிடைக்காது. ஆனால் இங்கே மனச்சாட்சியைத் தொடும் ஒரு கேள்வி உண்டு. பிள்ளை பராமரிப்பு நிலையங்களின் கட்டணம் அந்நாடுகளில் மிக அதிகம். அந்தக் கணக்கும் சேர்ந்தே பெற்றோரை அழைக்கும் கடிதத்தை எழுதுகிறது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. உதவுவது குற்றமல்ல, உதவி பெறுவதும் குற்றமல்ல. அழைத்தவர்கள் கேட்டார்களா, வந்தவர்களுக்கு மறுக்கும் சுதந்திரம் இருந்ததா என்பதே விடயம். அன்பினால் செய்யும் அதே வேலை, கேட்கப்படாமல் எதிர்பார்க்கப்படும்போது ஊழியமாகிவிடுகிறது. பேரன் வளர்ந்து தனியே பஸ் ஏறத் தொடங்கும் நாளில் தமக்கு வேறு எதுவும் இல்லை என்று ஒருவர் கண்டுகொள்வதும் கொடுமையானது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். ஓய்வு பற்றி நாம் எழுதுவதெல்லாம் பெரும்பாலும் ஆண்களின் ஓய்வு பற்றியே. வாப்பா இளைப்பாறினார், உம்மா எப்போது இளைப்பாறினார்? ஊரிலிருந்த அடுப்படி அந்நிய தேசத்துக்கும் அவர்கூடவே போகிறது. அங்கே அவருக்கு வேலையில்லாத குறையில்லை. அடுத்த வீட்டு வேலிக்கு அப்பால் நின்று பேச ஒரு மனுஷி இல்லாத குறைதான். நிறைவு என்பதை வேலையின் அளவால் அளக்க முடியாது என்பதற்கு அந்த மூத்தம்மாவே போதிய சான்று.

அந்நிய மண்ணில் பதவியும் தொழிலும் இழந்து வாழ்ந்தவர்களின் முன்மாதிரி நமக்கு வெகுதூரத்தில் இல்லை. 1882இல் எகிப்தில் பிரித்தானியரிடம் தோல்வியுற்ற அஹ்மத் ஒராபி பாஷாவும் அவருடைய சகாக்கள் அறுவரும் 1883 ஜனவரியில் நாடுகடத்தப்பட்டு இலங்கை வந்தார்கள். அவர்கள் இளைப்பாறியவர்கள் அல்லர். நாற்பதுகளில் இருந்தவர்களின் கையிலிருந்து வேலை பறிக்கப்பட்டது. ஆயினும் நமது பொருளுக்கு அவர்கள் நெருக்கமானவர்கள். நேற்று வரை படையும் அமைச்சும் நடத்தியவர்கள், அந்நிய ஊரில், பிறர் தரும் கொடுப்பனவில், செய்வதற்கு ஒன்றுமின்றி இருத்தப்பட்டார்கள். அவர்களிடையே மனக்கசப்புகளும் மூண்டன. வேலையற்ற மனம் பழைய கணக்குகளைப் புரட்டும் என்பதற்கு அவர்களும் விலக்கல்லர்.

ஆனால் ஒராபி பாஷா கொழும்பையும் பின்னர் கண்டியையும் வெறும் சிறையாகக் கருதவில்லை. இங்குள்ள முஸ்லிம்களின் கல்வி நிலையைக் கண்டார். சித்திலெப்பை முதலியோரின் முயற்சியோடு இணைந்தார். 1892இல் மருதானையில் தோன்றிய ஸாஹிராவின் வரலாற்றில் அவர் பெயர் நீங்காது இடம்பெற்றிருக்கிறது. 1901இல் அவர் எகிப்து திரும்பியபோது அங்கே அவரை வரவேற்ற ஆரவாரம் பெரிதல்ல. அவர் தங்கியிருந்த அந்நிய மண்ணோ இன்றும் அவரை நன்றியோடு நினைக்கிறது.

அவருடன் வந்த மஹ்மூத் ஸாமி அல்-பாரூதி 1882இல் எகிப்தின் பிரதமராக இருந்தவர். நவீன அரபுக் கவிதையின் மறுமலர்ச்சி முன்னோடி. 17 ஆண்டுகள் இந்நாட்டில் வாழ்ந்தார். அவர் இங்கிருக்கும்போதே மனைவி எகிப்தில் மரணமானார். கண்பார்வை மங்கியது. அந்தக் காலத்திலேதான் அவர் ஆங்கிலம் கற்றார், கவிதைகள் எழுதினார். துயரம் அவரை விட்டு நீங்கவில்லை. ஆனால் துயரமும் நிறைவும் ஒரே நெஞ்சில் இருக்கலாம் என்பதை அவர் வாழ்வு காட்டுகிறது. மகிழ்ச்சியாக இருப்பவன்தான் நிறைவாக வாழ்கிறான் என்று நாம் எண்ணிக்கொள்வது சரியல்ல.

இவர்களிடமிருந்து நாம் பெறுவது என்ன? ஒராபி தான் வந்து சேர்ந்த மண்ணின் தேவையைப் பார்த்தார். பாரூதி அந்த வயதிலும் மாணவரானார். நிறைவு இவ்விரண்டு வாசல்களாலேயே வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது: நமக்குக் கடமைப்படாத ஒருவருக்கு நாம் பயன்படுவது, நமக்குத் தெரியாத ஒன்றை நாம் படிப்பது.

பிள்ளைகளின் தேசங்களில் இவ்வாசல்கள் அடைபட்டிருக்கவில்லை. 1973இல் பிரான்சின் துலூஸ் நகரில் 'மூன்றாம் பருவத்துப் பல்கலைக்கழகம்' தொடங்கியது. 1980களின் தொடக்கத்தில் அது பிரித்தானியாவுக்கும், 1984இல் மெல்பேர்ணுக்கும் பரவியது. பிரித்தானிய வடிவத்தில் ஆசிரியர் வேறு மாணவர் வேறு என்றில்லை. தெரிந்தவர் தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்கிறார். பரீட்சையில்லை, சான்றிதழும் இல்லை. அவுஸ்திரேலியாவில் 1990களில் தோன்றிய 'ஆண்கள் கொட்டில்' என்ற ஏற்பாட்டில், இளைப்பாறிய ஆண்கள் ஒன்றுகூடித் தச்சுவேலையும் திருத்தவேலையும் செய்கிறார்கள். முகம் பார்த்துப் பேசத் தயங்கும் மனிதர் பக்கத்தில் நின்று வேலை செய்யும்போது மனந்திறப்பார் என்பதே அதன் அடிப்படை. பிரித்தானியாவில் உள்ளூராட்சி மன்றங்கள் சிறு தோட்டத் துண்டுகளை வாடகைக்குக் கொடுக்கின்றன. வழமையான துண்டு ஏறத்தாழ 250 சதுர மீற்றர். கத்தரியும் மிளகாயும் நட்டுப் பழகிய நமது கைகளுக்கு அது அந்நியமல்ல. காத்திருப்போர் பட்டியல் பல இடங்களில் நீளமானது என்பதும் உண்மை.

தடைகளும் உண்டு. மொழி ஒரு தடை. கூட்டத்தில் பரிமாறப்படும் மது ஒரு தடை. "அவர்களுக்கு நம்மைப் பிடிக்காது" என்ற அச்சம் பெருந்தடை. அந்த அச்சம் சில வேளை நியாயமானது. ஆனால் ஊரில் 30, 40 ஆண்டுகள் மற்றவர்களின் பிள்ளைகளுக்குப் படிப்பித்த ஒருவர், தமக்குத் தெரியாத மொழியில் தடுமாறிப் பேசி முதல் வாங்கில் மாணவராக அமர மறுப்பது அச்சத்தால் மட்டுமல்ல. 'சேர்' என்ற பட்டத்தை இறக்கி வைக்க மனம் வராததும் அதற்குக் காரணம். அதை இறக்கி வைப்பது இழப்பல்ல, ஒருவகை விடுதலை என்பதைச் சிலர் அங்கே போய்த்தான் உணர்கிறார்கள்.

எல்லாம் முயன்றும் மனம் ஒட்டாதவர் ஊருக்குத் திரும்பலாம். அது தோல்வியல்ல. "வாப்பா எங்களோடு இருந்தால்தான் எங்களுக்கு நிம்மதி" என்று பிள்ளைகள் சொல்லும்போது, அந்த நிம்மதி யாருடையது என்று அவர்களும் ஒரு தடவை தம்மைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பெற்றோரைப் பேணுவது என்பது அவர்களின் உடலைக் குளிரிலிருந்து காப்பது மட்டுமல்ல.

இதையெல்லாம் 60 வயதில் யோசிக்கத் தொடங்கினால் காலம் கடந்துவிடும். என்னைப் போல் நாற்பதுகளில் இருப்போர், பதவியும் பட்டமும் நீங்கினால் தம்மிடம் எஞ்சுவது என்ன என்பதை இப்போதே கணக்கிட்டுப் பார்ப்பது நல்லது. ஒரு கைத்தொழில், ஒரு புதிய மொழி, ஒரு தோட்டப் பழக்கம், பட்டம் பாராது பழகும் நாலு நண்பர்கள் ஆகியவற்றை ஓய்வூதியத் திணைக்களம் வழங்குவதில்லை. இவ்வுலகில் அந்நியனைப் போல அல்லது வழிப்போக்கனைப் போல இருக்கும்படி நமக்குப் போதிக்கப்பட்டிருக்கிறது. அப்படியானால் மெல்பேர்ணும் அந்நிய ஊர்தான். நாம் பிறந்த கிராமமும் அந்நிய ஊர்தான். தங்கும் மரநிழல் எதுவாயினும், அடுத்து வருபவனுக்காக அங்கே ஒரு குடம் தண்ணீர் வைத்துவிட்டுப் போகலாம்.