கோலின் முகமும் மனச்சான்றின் முகமும்

கோல்ஃப், நம்மில் பெரும்பாலோர் ஆடியறியாத ஆட்டம். ஆயினும் அதன் மிகச் சிறிய அசைவொன்று, அறநெறியின் மிகப் பழைய வினாவொன்றை நம்முன் நிறுத்துகின்றது. பந்து குழியருகே வந்தபின், 'பட்டர்' என்னும் தட்டை முகக் கோலால் அதைப் புல்தரையில் மெல்ல உருட்டிவிட வேண்டும். இதற்கு உடல் வலிமை வேண்டுவதில்லை. ஆயினும் பெருவீரர்கள் தடுமாறுவதும் இங்கேதான். 1970-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் திடலில், டக் சாண்டர்ஸ் ஏறத்தாழ மூன்றடித் தொலைவிலிருந்த பந்தை இறுதிக் குழியில் இடத் தவறினார். மறுநாள் நடந்த ஆட்டத்தில் ஜாக் நிக்லாஸ் பட்டத்தை வென்றார்.

பந்து புறப்படும் திசையை முடிவு செய்வன இரண்டு: கோல் நகரும் பாதை, பந்தைத் தொடும் கணத்தில் கோலின் முகம் நோக்கும் திசை. பார்ப்பவர் கண்ணில் படுவது பாதையே. ஆனால் மிகப் பெரும் பங்கு முகத்துக்கு உரியது என்பதை, அளந்து பார்த்தவர்கள் கண்டுள்ளனர். குழியின் விட்டம் நாலேகால் அங்குலம். பந்து ஒரே ஒரு பாகை விலகிப் புறப்பட்டாலும், பத்தடி சென்றதும் அது குழியின் நடுவை விட்டு இரண்டு அங்குலம் தள்ளி, விளிம்பில் நிற்கும்.

இதில் வியப்பு என்னவெனில், ஆடுபவர் தம் கோல் நேராகவே நோக்குகிறது என்று உளமார நம்புகிறார். முகம் சற்றே வலப்புறம் திரும்பியிருக்க, கைகள் தாமறியாமலே இடப்புறம் இழுத்து ஈடுசெய்யப் பழகிவிடுகின்றன. இரு கோணல்களும் ஒன்றையொன்று மறைக்க, பந்தும் சில வேளைகளில் குழியில் விழுகின்றது. ஒருவர் வந்து முகத்தை மட்டும் நேராக்கினால், கைகள் பழைய பழக்கத்தில் இழுக்க, பந்து இடப்புறம் விலகும். உடனே ஆடுபவர் திருத்தத்தையே பழிக்கிறார்.

"மனச்சான்றுக்கு விரோதமாக நாம் நடக்கவில்லை, அது போதாதா?" என்று கேட்கிறோம். தவறும் மனச்சான்றுக்கும் மனிதன் கட்டுப்பட்டவன் என்றே புனித தோமா அக்குவினார் கற்பித்தார். ஆனால் அறிய வேண்டியதை அறிய முயலாத அசட்டையால் வந்த தவறு குற்றத்தினின்று விடுவிக்காது என்றும் அவரே கற்பித்தார். 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கமும் இவ்வேறுபாட்டை நிலைநிறுத்தியது.

ஒரு குடும்பத்தலைவரை எண்ணிப் பார்ப்போம். வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கு ஊரார் தரும் குறைந்த கூலியையே தருகிறார். திருவிழாவுக்குத் தாராளமாகக் காணிக்கை அளிக்கிறார். அவர் உள்ளம் உறுத்தவில்லை. கோணல் இரண்டும் ஒன்றையொன்று மறைத்துவிட்டன. உரிய கூலியைத் தரத் தொடங்கும் நாளில் காணிக்கை குறைகிறது. தம் பக்தி குன்றியதோ எனக் கலங்குகிறார். உண்மையில் அன்றுதான் அவர் நேராகத் தொடங்கினார். பங்கின் கணக்கேட்டில் குறைந்த அத்தொகையை இழப்பென்று எழுதலாகாது.

அப்படியானால் மனச்சான்றை நம்பவே கூடாதா? 1925-இல் அமெரிக்க ஓப்பன் போட்டியில், பாபி ஜோன்ஸ் அடிக்க ஆயத்தமாகையில் பந்து இம்மியளவு அசைந்தது. வேறெவரும் காணவில்லை. அவரோ தம்மீது ஓர் அடித் தண்டனையைத் தாமே சுமத்திக்கொண்டார். முடிவில் சமநிலை ஏற்பட, மறு ஆட்டத்தில் வில்லி மக்ஃபார்லேனிடம் பட்டத்தை இழந்தார். 1971-இல் இறப்பதற்குச் சில நாள்களுக்கு முன் அவர் கத்தோலிக்கத் திருச்சபையில் இணைந்தார். அன்று அவர் விதியைப் படைக்கவில்லை. தமக்கு வெளியே நின்ற விதிக்கு உள்ளே சான்று பகர்ந்தார். நம் சொல்லே இதைச் சொல்லுகிறது: அது மனச்சட்டம் அன்று, மனச்சான்று. சாட்சி சட்டம் இயற்றுவதில்லை, கண்டதைச் சொல்லுகிறது. ஆகவே சாட்சியின் கண் நேராயிருத்தல் வேண்டும்.

கோல்ஃப் வீரர்கள் தரையில் சுண்ணக்கோடு இழுத்தும், கண்ணாடி பதித்தும் பயிலுகின்றனர். நம்மூர்க் கொத்தனாரும் கண்ணை மட்டும் நம்பிச் சுவரெழுப்புவதில்லை, தூக்குக்குண்டைத் தொங்கவிடுகிறார். இறைவாக்கினர் ஆமோசு கண்ட காட்சியிலும் அந்நூலே தொங்கியது. இறைவார்த்தை, திருச்சபையின் போதனை, ஒப்புரவு அருளடையாளத்தில் கேட்கப்படும் ஒரு கேள்வி ஆகிய இவை நமக்குத் தரப்பட்ட நூல்கள். நம்மால் துன்புறுபவரின் முறையீடும் அத்தகைய நூலே. நாம் மிக எளிதில் அறுத்தெறிவதும் அதையே.

போட்டி நடக்கும்போது அத்துணைக்கருவிகளைத் தரையில் வைக்க விதி இடம் தராது. சோதனை வேளையிலும் அவ்வாறே. அளந்து பார்க்க நேரமிராது. அமைதியான நாள்களிலேயே முகத்தை நேராக்கிக்கொள்ள வேண்டும். எனவே இரவு ஆன்மச் சோதனையில், "மனச்சான்றுக்கு எதிராக நடந்தோமா?" என்பதோடு மற்றொரு வினாவையும் சேர்த்துக்கொள்வோம்: "அது நேராக நோக்குகிறதா என்று கடைசியாக யாரிடம் கேட்டோம்?"