குரலுக்குத் திறந்த கதவு

அல்லைப்பிட்டியில் விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கி விழித்துக்கொண்டால், அதிலே அடிக்கடி ஒலிப்பது எம். எஸ். சுப்புலட்சுமியின் குரல். பண்ணைத் தாம்போதி வழியே பட்டினத்துக்குப் புறப்படும் ஆசிரியரும், வலையோடு கரையேறும் கடற்றொழிலாளியும், முற்றம் கூட்டும் தாயும் அதனைக் கேட்கின்றனர். பாடுபவரின் குலத்தை எவரும் விசாரிப்பதில்லை. இது சமத்துவம் ஆகுமா? இவ்வினாவை நாம் எதிர்கொள்ளல் வேண்டும்.

அவர் 1916இல் மதுரையில் பிறந்தார். அன்னை சண்முகவடிவு வீணைக் கலைஞர்; பாட்டி அக்கம்மாள் வயலின் வாசித்தவர். தேவதாசி மரபில் வந்த குடும்பம் அது. பெயரின் முன்னுள்ள எழுத்துகளுள் ஒன்று மதுரையைக் குறிக்கும். மற்றொன்று சண்முகவடிவைக் குறிக்கும். தந்தை பெயரையே முன்னெழுத்தாகத் தாங்கும் சமூகத்தில், அன்னையின் பெயரைத் தாங்கியே அவர் 1966இல் ஐக்கிய நாடுகள் சபையில் பாடினார். 1968இல் சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருதைப் பெற்ற முதற் பெண்மணியானார். 1998இல் பாரத ரத்னா பெற்ற முதல் இசைக் கலைஞருமானார். 2004இல் மறைந்தார்.

ஆயினும் அவ்வெழுத்தின் பொருளைப் புகழ்ந்தோர் பலர் உரக்கச் சொன்னதில்லை. 1940இல் 'கல்கி' இதழின் நிறுவனர்களுள் ஒருவரான சதாசிவத்தை மணந்தபின், உயர்சாதி இல்லத்தரசியின் கோலமே அவரது பொதுக்கோலமாயிற்று. பாராட்டுரைகள் பலவும் அன்னையின் மரபை மெல்லக் கடந்து சென்றன. பொட்டுக்கட்டும் வழக்கத்தை 1947ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டம் தடைசெய்தது. அது நேர்மையான சட்டமே. எனினும், அம்மரபுப் பெண்கள் பேணிய ஆடலும் பாடலும் சபா மேடைகளில் புதுமதிப்புப் பெற்ற காலத்தில், அம்மேடைகளில் அப்பெண்களுக்கு இடம் சுருங்கிற்று. கலை வேண்டும், கலையைக் காத்த மனிதர் வேண்டாம் என்பது இதன் உட்பொருள் அன்றோ?

தமிழகத்தை மட்டும் குறைகூறி நாம் தப்பிவிட இயலாது. அவர் அவ்விருதைப் பெற்ற அதே 1968இல், நம் குடாநாட்டில் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், உட்சென்று வழிபடும் உரிமை கேட்டு ஒடுக்கப்பட்ட மக்கள் நின்றனர். அத்தகைய தடையைக் குற்றமாக்கிய சட்டம் 1957இலேயே இயற்றப்பட்டிருந்தது. இருந்தும் வாசல் மறிக்கப்பட்டது. உழைப்பையும் கலையையும் ஏற்றுக்கொண்டு, உழைத்தவனையும் கலைஞனையும் வெளியே நிறுத்தும் நீதி கடலின் இருகரையிலும் ஒன்றே.

"கலைக்குக் குலமேது? பழையதைக் கிளறுவானேன்?" என்று கேட்பார் உண்டு. கலைக்குக் குலமில்லை என்பது உண்மையே. ஆனால் கதவை அடைத்து வைத்திருந்தவர்கள் அதைச் சொல்லும்போது, அது சமத்துவத்தின் குரலன்று. மறதியை வேண்டும் குரல். அந்த அம்மையாரைக் குறைசொல்வதும் நம் நோக்கமன்று. கச்சேரி வருவாயையும் இசைத்தட்டு உரிமைத் தொகையையும் அறப்பணிகளுக்கு அள்ளி வழங்கியவர் அவர். பிறப்பைப் பேசாதிருப்பதே மதிப்புக்கு விலையென ஒரு சமூகம் விதித்தால், பழி விலை கொடுத்தவரைச் சாராது. விலை கேட்டவரையே சாரும்.

ஒப்பற்ற ஒருவரை உயர்த்திவைத்துவிட்டு, "பாருங்கள், எம்மிடம் பேதமில்லை" என்பது எளிது. அவருடன் அதே தெருவில் பிறந்து, இயல்பான குரலோடு வாழ்ந்த பெண்ணுக்கு அச்சமூகம் என்ன மதிப்பு அளித்தது என்பதே சரியான உரைகல். மனிதருக்கு உரிய மதிப்பு திறமைக்கு அளிக்கும் பரிசாகிவிட்டால், திறமையற்றோர் என்றும் வாசலுக்கு வெளியேதான் நிற்பர்.

ஆகவே, ஆசிரியரும் மாணவரும் அக்குரலைக் கேட்டு இன்புறுவோம். கேட்டபின் வகுப்பறையில் அந்த முன்னெழுத்தை விரித்துச் சொல்வோம்: 'எஸ்' என்பது சண்முகவடிவு. அவர் யார், அவரைப் போன்றோர் எங்கே நிறுத்தப்பட்டனர், நம் ஊரில் இன்று எவர் அவ்வாறு நிறுத்தப்படுகின்றனர் என்று பிள்ளைகள் தொடர்ந்து கேட்கட்டும். அவ்வினாக்களுக்கு அஞ்சாது விடை சொல்லுதல் நம் கடமை.