பள்ளிவாசலில் நாற்காலி

முதியோருக்காகப் பள்ளிவாசலில் நாற்காலி போடுவது பித்அத் அல்லவா என்று சில சகோதரர்கள் நம்மிடம் கேட்கின்றனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பள்ளியில் நாற்காலி ஏது என்பது அவர்கள் வாதம்.

வாபிஸா (ரலி) அவர்கள் ரக்கா நகரில் கைத்தடியை ஊன்றித் தொழுதார்கள். ஏனென்று கேட்டவர்களுக்கு, உம்மு கைஸ் (ரலி) அறிவித்த செய்தியை எடுத்துரைத்தார்கள். நபி (ஸல்) அவர்களுக்கு வயது முதிர்ந்து உடல் கனத்தபோது, தொழுமிடத்தில் ஒரு தூணை ஏற்படுத்தி அதில் ஊன்றிக்கொண்டார்களாம். இது அபூதாவூதில் உள்ளது. அதற்கு முன் அந்த இடத்தில் அந்தத் தூண் இல்லை; முதுமை வந்தது, தூணும் வந்தது. வணக்கத்தில் ஒன்றைக் கூட்டுவது வேறு, வணக்கம் கைநழுவாதிருக்கப் பிடிமானம் தேடுவது வேறு என்பது இதிலிருந்தே விளங்கும்.

கடைத்தெருவெல்லாம் சுற்றி வந்து, பள்ளிக்குள் நுழைந்ததும் நாற்காலி தேடுவோரும் உண்டு. அவர்களைப் பற்றி நாம் இங்கே பேசவில்லை.

நமக்குத் தெரிந்த பெரியவர் ஒருவர். நாற்பது ஆண்டுகளாக இமாமுக்குப் பின்னால் முதல் ஸஃபில் நின்றவர். மூட்டுவலி வந்தது. ஜமாஅத்தார் நாற்காலி வாங்கினார்கள். வாங்கியதைக் கடைசியில், செருப்பு வைக்கும் பலகைக்கு அருகே, சுவரோரமாகப் போட்டார்கள். பத்து நாள் வந்தார். பிறகு வீட்டிலேயே தொழுகிறார். "நாற்காலிதான் கொடுத்தோமே!" என்கிறார்கள்.

கொடுத்தது யாருக்காக? அவருடைய முழங்காலுக்காகவா, நம் ஸஃபின் ஒழுங்குக்காகவா? முதல் ஸஃபின் ஓரத்தில் போட்டிருந்தால் பின்னால் ஸுஜூது செய்பவருக்கு ஒரு சாண் இடம் குறைந்திருக்கும். உண்மைதான். அந்த ஒரு சாணை விட்டுக்கொடுக்க நமக்கு மனமில்லை. முஆத் (ரலி) அவர்கள் தொழுகையை நீட்டியபோது, பின்னால் முதியவரும் பலவீனரும் நிற்கிறார்களே என்று நபி (ஸல்) அவர்கள் கடிந்துகொண்டார்கள். முதியவரைப் பின்னுக்கு அனுப்பிவிட்டு நீட்டி ஓதுங்கள் என்று சொல்லவில்லை.

ஹவுளுக்கு வருவோம். வழுக்கும் படி, தாழ்ந்த கல். குந்தி உளூச் செய்துவிட்டு எழ முடியாமல் பக்கத்திலிருப்பவர் தோளைப் பிடிக்கும் முதியவரை எந்த ஊரிலும் காணலாம். குழாயடியில் உயரமான கல் இருக்கை இரண்டும், சுவரில் பிடித்துக்கொள்ள ஓர் இரும்புக் கம்பியும் போதும். கொத்தனாருக்கு ஒரு நாள் வேலை. முத்தவல்லிமார்கள் அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துப் பேசலாம்; அந்தப் பெரியவரையும் அழைத்து, நாற்காலியை எங்கே போடட்டும் என்று அவரிடமே கேட்கலாம்.