தானமாக வந்த வரலாறு

தானமாக வந்த மாட்டைப் பல் பிடித்துப் பார்க்கக்கூடாது என்பார்கள். கோயிலுக்குக் குத்துவிளக்கு, பள்ளிக்கூடத்துக்கு மேசை நாற்காலி, ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸ் என்று யார் எதைக் கொடுத்தாலும் இது பொருந்தும். ஒரு செல்வந்தர் வரலாற்றையே தானமாகக் கொடுத்தால் மட்டும் பல்லைப் பிடித்துப் பார்த்தே ஆகவேண்டும். உபயமாக வந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவர் யாரைப் பற்றியும் தீர்ப்புச் சொல்வதில்லை. உபயமாக வந்த வரலாற்றைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறவரோ, இன்னொரு மனிதக் கூட்டத்தைப் பற்றி ஒரு முடிவோடுதான் வருகிறார்.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1888இல் தொடங்கிய முதலீட்டு வங்கி நிறுவனம், ஹார்ன்புளோவர் அண்ட் வீக்ஸ். அதைத் தொடங்கிய குடும்பத்தில் 1917இல் பிறந்தவர் ஹென்றி ஹார்ன்புளோவர். தொழில் பங்குச் சந்தை, ஆசை தொல்லியல். மேஃபிளவர் கப்பலில் 1620இல் வந்திறங்கிய ஆங்கிலேயர் அமைத்த பிளிமத் குடியிருப்பை மறுபடி எழுப்பிக் காட்டவேண்டும் என்பது அவருடைய கனவு. அதற்காக 1945இல் அவருடைய தகப்பனார் 20,000 டாலர் கொடுத்தார். 1947இல் ‘பிளிமத் பிளான்டேஷன்’ அருங்காட்சியகம் பிறந்தது. அசல் குடியிருப்பு இருந்த இடத்தில் இன்றைய ஊர் நிற்பதால், ஈல் ஆற்றங்கரையில் இருந்த குடும்ப நிலத்தில் புதிதாக ஒரு பழைய ஊரைக் கட்டினார்கள். பணமும் நிலமும் கொடுத்ததோடு ஒதுங்கிவிடாமல், 1985இல் இறக்கும்வரை ஹார்ன்புளோவர் அதன்மேல் அக்கறையோடுதான் இருந்தார். குதிரைப் பந்தயத்திலோ உல்லாசப் படகிலோ கரைந்திருக்கக்கூடிய காசு இது. அந்த மனிதரைக் குறைசொல்ல வாய் வராது.

அந்த ஊர் முதலில் கண்ணாடிப் பெட்டி அருங்காட்சியகங்களின் தம்பி மாதிரிதான் இருந்தது. வீட்டுக்குள் பொம்மைகள், துடைத்து வைத்த பழங்காலச் சாமான்கள். 1960களின் இறுதியில் அங்கே வந்த தொல்லியலாளர் ஜேம்ஸ் டீட்ஸ் அந்தப் பளபளப்பையெல்லாம் அப்புறப்படுத்தினார். ஆடு கோழி உலாவலாம், அடுப்பில் நிஜமாகவே சமைக்கலாம், புகை கண்ணைக் கரிக்கலாம் என்றாயிற்று. அடுத்த பத்தாண்டில் ஊழியர்கள் அந்தக் காலத்து மனிதர்களாகவே பேசத் தொடங்கினார்கள். தலைக்குமேல் விமானம் பறந்தால் அவர்களுக்கு அது என்னவென்று தெரியாது. கேமராவை நீட்டினால் புரியாமல் விழிப்பார்கள். கேட்டால் இது 1627ஆம் ஆண்டு என்பார்கள்.

ஏன் 1627? அந்த ஆண்டில் ஊரில் இருந்த கால்நடைகளைக் குடும்பங்களுக்குப் பங்கு பிரித்தார்கள். யார் யாருக்கு என்று எழுதிய பட்டியல் இன்றும் இருக்கிறது. அதனால் ஊரில் வாழ்ந்தவர்களின் பெயர்கள் ஏறக்குறைய முழுதாகத் தெரியும். ஆய்வாளருக்கு இதைவிட நல்ல காரணம் வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆண்டுக்கு முன்னும் பின்னும் கொஞ்சம் எட்டிப் பார்க்கவேண்டும்.

பிளிமத் எழுந்த இடத்தில் முன்பு வாம்பனோவாக் என்ற பூர்வகுடி மக்களின் பட்டக்செட் ஊர் இருந்தது. 1616 முதல் 1619 வரை ஐரோப்பியரோடு வந்த கொள்ளைநோய் அந்த ஊரையே துடைத்துப்போட்டது. 1614இல் அங்கிருந்து பிடிக்கப்பட்டு ஸ்பெயினில் விற்கப்பட்ட டிஸ்குவாண்டம், எப்படியோ தப்பி 1619இல் திரும்பினார். வரவேற்க ஆளில்லை. வந்தேறிகள் உழுதது அந்த ஊராரின் வயலைத்தான். பின்னால் 1675இல் இரு தரப்புக்கும் இடையே போர் மூண்டது. மறு ஆண்டு வாம்பனோவாக் தலைவர் மெட்டகோமைக் கொன்று, தலையை பிளிமத்தில் கம்பத்தில் செருகி வைத்தார்கள்; அது ஆண்டுக்கணக்காக அங்கேயே இருந்தது. ஆக, 1627 என்ற வேலிக்கு அந்தப் பக்கம் பிணக்குவியல், இந்தப் பக்கம் வெட்டிய தலை. நடுவில் ஆடு மேய்கிறது, கூழ் கொதிக்கிறது, பள்ளிப் பிள்ளைகள் சுற்றுலா வருகிறார்கள். அங்கே யாரும் பொய் சொல்லவில்லை. ஒரு பொய்கூடச் சொல்லாமல் ஒரு கொடுமையைப் பார்வையிலிருந்து மறைத்துவிட முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

உபயதாரர் திட்டமிட்டு மறைத்தார் என்று சொன்னால் அது அநியாயம். தன் ஊரையும் அதன் பழமையையும் நேசிக்கிறவர் கண்ணுக்குத் தெரிந்ததைக் கொடுத்தார். தெரியாததைக் கொடுக்க அவரால் முடியாது. அதனாலேயே, எவ்வளவு கொடுத்தார் என்று பார்ப்பதைவிட, அவர் காணாததைக் கண்டவர்களுக்கு அந்தத் தானத்தில் எவ்வளவு அதிகாரம் கிடைத்தது என்று பார்ப்பதே சரியான அளவுகோல்.

அருங்காட்சியகத்துக்கு வெளியிலும் அந்த அதிகாரம் எவ்வளவு இருந்தது என்பது 1970இல் தெரிந்துபோயிற்று. மேஃபிளவர் வந்த 350ஆம் ஆண்டு விருந்தில் பேச வாம்பனோவாக் இனத்தவரான ஃபிராங்க் ஜேம்ஸை மாசசூசெட்ஸ் மாநில அரசு சார்பில் அழைத்தார்கள். உரையை முன்கூட்டியே வாங்கிப் படித்தார்கள். இதைப் பேசக்கூடாது என்றார்கள். அவர் விருந்தை விட்டுவிட்டு, தன் மக்களோடு பிளிமத்தின் கோல்ஸ் குன்றில் நின்று பேசினார். நன்றி நவிலும் நாளைத் துக்க நாளாக அனுசரிக்கும் வழக்கம் அங்கே தொடங்கியது; இன்றும் தொடர்கிறது.

அருங்காட்சியகத்துக்கும் 1970களில் வாம்பனோவாக் குடியிருப்பு ஒன்று வந்தது. அங்கே இருக்கும் பூர்வகுடி ஊழியர்கள் யாரும் 1627இல் வாழ்வதாக நடிப்பதில்லை. தடித்த மரத்தை நெருப்பு வைத்துக் குடைந்து ஓடம் செய்தபடியே, இன்றைய மனிதர்களாக இன்றைய பேச்சில் பதில் சொல்கிறார்கள். ஆங்கிலேயர் வேடமிட்டவருக்குத் தெரியாத போரும் கொள்ளைநோயும் இவர்களுக்குத் தெரியும். இது நாகரிகமான ஏற்பாடு. தன் பாட்டன் பட்ட அடியை நாள்தோறும் நடித்துக்காட்டு என்று சம்பளத்துக்கு ஒருவரைக் கட்டாயப்படுத்த எந்தக் கொடையாளிக்கும் உரிமை இல்லை.

அவர்களே முன்வந்தால் கதை வேறு. ராக்ஃபெல்லர் பணத்தில் 1920களிலிருந்து மீட்கப்பட்ட வர்ஜீனியா மாநிலத்து வில்லியம்ஸ்பர்க், பதினெட்டாம் நூற்றாண்டில் ஏறக்குறைய பாதிப்பேர் கறுப்பர்களாக இருந்த ஊர். ஆனாலும் மீட்ட ஊரில் அடிமைகள் வெகுகாலம் கண்ணில் படவே இல்லை. 1994இல் அங்கே அடிமை ஏலம் ஒன்றை நடித்துக் காட்டியபோது, வேதனையை வேடிக்கையாக்குகிறார்கள் என்று கறுப்பர் உரிமை அமைப்புகள் கொதித்தன. ஆனால் அதைத் திட்டமிட்டவர் அந்த நிறுவனத்தின் ஆப்பிரிக்க அமெரிக்கப் பிரிவுக்குத் தலைமை வகித்த கறுப்பினப் பெண்மணி. விற்கப்படுகிறவர்களில் ஒருவராக அவரே நின்றார். எதிர்க்க வந்து, பார்த்தபின் மனம் மாறியவரும் உண்டு. அதே ஏலத்தை மேலிருந்து ஒரு நிர்வாகி ஆணையிட்டு நடத்தியிருந்தால் அது சகிக்கமுடியாத அவமதிப்பாகியிருக்கும்.

2020இல் பிளிமத் பிளான்டேஷன் தன் பெயரை ‘பிளிமத் பட்டக்செட்’ என்று மாற்றிக்கொண்டது. அழிந்த ஊரின் பெயர் நானூறாண்டு கழித்துப் பலகையில் ஏறியது. இரண்டே ஆண்டில் வாம்பனோவாக் மக்களில் ஒரு பகுதியினர் அந்த அருங்காட்சியகத்தைப் புறக்கணிக்கச் சொன்னார்கள். தங்கள் குடியிருப்பு பராமரிப்பின்றிக் கிடக்கிறது, இரு சமூகத்துக்கும் சமமான அருங்காட்சியகம் என்ற வாக்கு காற்றில் போயிற்று என்பது அவர்கள் புகார். அந்தக் குடியிருப்பை விரிவாக்கியிருக்கிறோம், புதுக் கட்டடத்துக்கு நிதி திரட்டியிருக்கிறோம் என்பது நிர்வாகத்தின் பதில். இரண்டில் எது எவ்வளவு உண்மை என்று கடல் கடந்து இங்கிருந்து சொல்வது முறையாகாது. ஆனால் வழக்கு எதைப் பற்றியது என்பது தெளிவு: பழுதுபார்க்கும் செலவு, வேலைக்கு எடுக்கும் ஆள், முடிவெடுக்கும் மேசை. இவை மூன்றும் கைமாறாதவரை, பலகையில் பெயர் எழுதியதை நீதி என்று கணக்கில் வரவு வைக்கமுடியாது. வரலாற்றுக்குப் பணம் கொடுக்க முன்வரும் செல்வந்தர்கள், கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டுவதற்கு முன்பே அந்த மேசையில் யார் யார் உட்காருவார்கள் என்பதைப் பத்திரத்தில் எழுதிவிடட்டும்.