பகலில் உத்தியோகம், மாலையில் மேடை

1947ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15ஆம் நாள் காலையில், பாரத தேசம் சுதந்திரம் அடைந்துவிட்டது என்னும் மங்களச் செய்தியை டெல்லி வானொலி நிலையத்திலிருந்து தமிழில் வாசிக்கும் பாக்கியம் 25 வயது இளைஞர் ஒருவருக்கு வாய்த்தது. பிற்காலத்தில் சென்னை நாடக மேடையின் பெருமைகளுள் ஒருவராகப் போற்றப்பட்ட பூர்ணம் விசுவநாதன்தான் அந்த இளைஞர்.

1921இல் பிறந்த அவர், எழுத்தும் கலையும் மணந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். சகோதரர்களுள் ஒருவரான சோமசுந்தரம், மாஸ்கோவிலிருந்து ருஷ்ய இலக்கியங்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர். மற்றொருவரான ராமச்சந்திரனே உமாசந்திரன் என்ற பெயரில் 'முள்ளும் மலரும்' நாவலை எழுதியவர். பதினெட்டு வயதிலேயே மேடை ஏறிவிட்ட விசுவநாதன், 1945இல் டெல்லிக்குச் சென்று வானொலி உத்தியோகத்தில் அமர்ந்தார். அந்த உத்தியோகம் அவருடைய கலைக்கு இடையூறாக முடிந்திருக்கலாம். ஆனால் அதுவே அவர் கலைக்குப் பாடசாலையாக அமைந்தது என்பதைத்தான் இன்று நாம் சிந்திக்க வேண்டும்.

வானொலியில் செய்தி வாசிப்பவருக்கு முகபாவம் துணை வராது, கையசைவும் உதவாது. எதிரே இருக்கும் ஒலிவாங்கியைத் தவிர அவருக்கு வேறு சபை இல்லை. குறித்த நிமிஷத்தில் தொடங்கிக் குறித்த நிமிஷத்தில் முடிப்பதும், ஒவ்வொரு சொல்லும் தெளிவாய் ஒலிக்கும்படி உச்சரிப்பதும், தம் உள்ளத்தின் கொந்தளிப்பைக் குரலில் காட்டாமல் நிதானம் காப்பதும் அவருக்குரிய தர்மங்கள். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகைகளில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டுமென்று உச்ச ஸ்தாயியில் முழங்கிப் பழகியது நம் பழைய நாடக மரபு. அதற்குப் பின் வந்த சபா மேடையில், வீட்டுக் கூடத்தில் ஒரு பெரியவர் பேசுவதைப் போல இயல்பாகவும் மென்மையாகவும் பூர்ணம் பேச முடிந்ததென்றால், வானொலி நிலையத்தில் அன்றாடம் செய்த அப்பியாசத்துக்கு அதில் பெரும் பங்கு உண்டென்றே நான் கருதுகிறேன்.

கடல் கடந்த வேல்ஸ் நாட்டிலும் இத்தகைய உதாரணம் உண்டு. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் 13 குழந்தைகளுள் பன்னிரண்டாவதாகப் பிறந்த ரிச்சர்டு பர்ட்டன், மேடையிலும் திரையிலும் பெரும் புகழ் பெற்றவர். ஆயினும் 1954இல் கவிஞர் டிலன் தாமஸின் வானொலி நாடகத்தில் கதைசொல்லியாக ஒலித்த அவர் குரலை, ரசிகர்கள் அவருடைய சிறந்த சாதனைகளுள் ஒன்றாக இன்றும் போற்றுகிறார்கள்.

பின்னர் டெல்லியிலிருந்து சென்னைக்கு வந்த பூர்ணத்துக்கு, எழுத்தாளர் சுஜாதாவின் நட்பு அரிய வாய்ப்புகளை அளித்தது. சுஜாதா என்னும் ரங்கராஜனும் பகலெல்லாம் உத்தியோகம் பார்த்தவரே; பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராயிருந்துகொண்டே எழுதியவர். 'டாக்டர் நரேந்திரனின் வினோத வழக்கு', 'ஊஞ்சல்', 'அன்புள்ள அப்பா' முதலிய அவருடைய நாடகங்களுக்குப் பூர்ணமும் அவர் குழுவினரும் மேடையில் உயிர் கொடுத்தார்கள். 'கடவுள் வந்திருந்தார்' நாடகத்திலோ, உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்ட ஒரு சாதாரண மனிதர், தம் கண்ணுக்கு மட்டுமே தெரிகிற எதிர்காலத்து விருந்தாளியோடு பேசுகிறார். வீட்டாரும் அக்கம்பக்கத்தாரும் அவருக்குச் சித்தப்பிரமை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நகைச்சுவைக்கு அடியில், வயதானவர் வார்த்தையைக் கேட்க வீட்டில் ஆளில்லாத சோகம் ஓடுகிற அந்தப் பாத்திரத்தை ஏற்பவர், சிறிது மிகைப்படுத்தினாலும் அது வெறும் கேலிக்கூத்தாகிவிடும். அளவறிந்து நடிக்கும் கலைஞரை வேண்டுகிற பாத்திரம் அது. பூர்ணம் அப்படிப்பட்ட கலைஞர்.

'மகாநதி' முதலிய திரைப்படங்களாலும், தொலைக்காட்சியாலும் அவர் முகம் தமிழகத்தின் வீடுதோறும் அறிமுகமாயிற்று. 2008ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் அவர் காலமானார்.

அவரைப் போலவே பகலில் உத்தியோகம் பார்ப்பவர்கள் இன்றும் உண்டு. நான் வசிக்கும் சென்னைப் பெருங்குடியில், பழைய மகாபலிபுரம் சாலையின் இருமருங்கிலும் உயர்ந்து நிற்கும் கட்டடங்களுக்குள் ஆயிரக்கணக்கான இளைஞர்கள் தினந்தோறும் வேலைக்குச் செல்கிறார்கள். அவர்களுள் பாட்டு, நாடகம், எழுத்து என்று ஏதேனும் ஒன்றில் ஆசை வைத்து, உத்தியோகம் அதை விழுங்கிவிட்டதே என்று மனம் புழுங்குவோர் பலர் இருக்கக்கூடும். ஜீவனத்துக்காகச் செய்யும் தொழிலைச் சிரத்தையோடு செய்கிறவனிடம் காலந்தவறாமையும், சொல் தூய்மையும், பொறுமையும் தாமே வந்து சேர்கின்றன. கலை கேட்கும் மூலதனமும் இவையே. ஓய்வு கிடைக்கட்டும், பிறகு தொடங்கலாம் என்று காத்திருக்க வேண்டாம். வாரத்தில் ஒரு மாலைப்பொழுதையேனும் உங்களுக்குப் பிரியமான கலைக்கென்று ஒதுக்குங்கள். மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ நல்ல நாடகம் ஒன்று நடக்கும்போது, உங்கள் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு போய்ப் பாருங்கள்.