மேடேறுவது தவமாகுமா?

ஏற்றத்தில் சைக்கிள் மிதிப்பவருக்கு எதிரி எடை. சமதரையில் எதிர்காற்றுதான் தொல்லை. மேட்டில் சொந்த உடம்பே பின்னால் இழுக்கிறது. ஆல்ப்ஸ் மலைத்தொடரில் இத்தாலியின் ஸ்டெல்வியோ கணவாய் 2,757 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பிராட்டோ என்ற ஊரிலிருந்து அதற்கு ஏறும் சாலையில் 48 கொண்டை ஊசி வளைவுகள். ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தைக் காலால் மிதித்தே கடக்க வேண்டும். தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ முக்கால் பங்கு வெப்பமாகப் போய்விடும் என்பதால், பக்கத்தில் பனி கிடந்தாலும் நெற்றியில் வியர்வை சொட்டும். காரில் போகலாம், பைக்கில் போகலாம். மேலே போய் ஆக வேண்டிய வேலையும் இல்லை. ஆனாலும் கோடைதோறும் ஆயிரக்கணக்கானோர் மிதித்தே ஏறுகிறார்கள். தானாகத் தேடிக்கொண்ட இந்த வருத்தத்துக்கு ஆன்மிக மதிப்பு உண்டா என்பது பழைய கேள்வி.

ஐரோப்பா அதற்கு ஒரு கோயிலையே பதிலாக வைத்திருக்கிறது. கோமோ ஏரிக்கு மேலே, 754 மீட்டர் உயரத்தில், கிசால்லோ மாதா சிற்றாலயம் நிற்கிறது. 1949-இல் போப் பன்னிரண்டாம் பயஸ் இந்த மாதாவைச் சைக்கிளோட்டிகளின் பாதுகாவலியாக அறிவித்தார். உள்ளே சுவரெங்கும் பந்தய வீரர்களின் வண்டிகள். அவற்றில் ஒன்று நொறுங்கிக் கிடக்கிறது: 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் தங்கம் வென்று, 1995-இல் பிரான்ஸ் சுற்றுப் பந்தயத்தின்போது மலை இறக்கத்தில் விழுந்து இறந்த ஃபாபியோ கசார்ட்டெல்லியின் வண்டி. நேர்த்திக்கடனுக்கு வேலும் தொட்டிலும் கட்டிவைக்கும் கோயில்களை அறிந்த தமிழருக்கு அந்தச் சுவரை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆல்ப்ஸ் போன்ற மலை இல்லை. சமவெளியில் ஆங்காங்கே மொட்டைப் பாறைகள் எழுந்து நிற்கின்றன. ஆனால் மேடேறுதல் பற்றிய கேள்வியை இந்த மண் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கேட்டிருக்கிறது. சித்தன்னவாசல் குன்றின் கிழக்கு முகத்தில், பாறையில் வெட்டிய ஏழு படிகளைத் தாண்டினால் ஏழடிப்பட்டம் என்ற குகைத்தளம். அங்கே 17 கற்படுக்கைகள். சமணத் துறவிகள் படுத்ததும் உண்ணாநோன்பிருந்ததும் அவற்றில்தான். தலைப்பக்கம் தலையணைபோல் சற்றே உயர்த்திச் செதுக்கியிருக்கிறார்கள். உள்ளங்கையால் தடவினால் வழவழவென்று இருக்கும். வழவழப்பு கைக்குத்தான் இதம். முதுகுக்கு அது கல்தான். ஒரு படுக்கையின் ஓரத்தில் உள்ள தமிழ் பிராமிக் கல்வெட்டு, அதில் தங்கியவரின் ஊரையும் அதைச் செய்து கொடுத்தவர்களையும் சொல்கிறது.

அந்தத் துறவிகளின் கொள்கையில் எடைக்கு நேரடியான இடம் உண்டு. வினை என்பது உயிரின்மேல் ஒட்டிக்கொள்ளும் நுண்பொருள். தவம் அதை உதிர்க்கிறது. உயிரின் இயல்பு மேலே எழுவது என்கிறது சமணம். மண் பூசிய சுரைக்காய் நீரில் மூழ்கும், மண் கரைந்ததும் தானே மேலே வரும் என்று அவர்கள் நூல்கள் உவமை சொல்கின்றன. ஆக, ஏறுவதற்கு வலிமையைக் கூட்டுவதைவிடச் சுமையைக் குறைப்பதே வழி. மலையேறும் சைக்கிளோட்டி பையிலிருந்து ஒவ்வொரு பொருளாக எடுத்துப் போடுவதும் இதே கணக்குத்தான். ஆனால் அவர் பையோடு நின்றுவிடுகிறார், துறவி உடம்பையும் சுமைக் கணக்கில் சேர்க்கிறார்.

இதுவரை பேசிய இருவருக்கும் ஒன்று பொது: வருத்தத்தை அவர்களே தேர்ந்தெடுத்தார்கள். தேர்ந்தெடுக்காமல் தலையில் ஏற்றப்பட்ட வருத்தம் என்னவாகும்? தமிழில் இரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. நோன்பை நோற்கிறார்கள், பாட்டைப் படுகிறார்கள். கல்குவாரியில் ஜல்லி உடைக்கும் பெண் நோற்கவில்லை, பாடுபடுகிறாள். இரண்டு குடத்தோடு கண்மாய்க்கரை ஏறுபவளின் மூச்சிரைப்பும் ஸ்டெல்வியோவில் ஏறுபவரின் மூச்சிரைப்பும் உடலளவில் ஒன்றாகவே இருக்கலாம். ஆனால் அவருடையது சாதனை என்று பேசப்படுகிறது. அவளுடையது பேசப்படுவதே இல்லை.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். தவத்துக்குத் திருக்குறள் தரும் இலக்கணம் இரண்டு கூறுகள் உடையது: தனக்கு வந்த துன்பத்தைப் பொறுத்தல், பிற உயிர்க்குத் துன்பம் செய்யாதிருத்தல். தேடிப்போன துன்பம் என்று அங்கே சொல்லப்படவில்லை. அப்படியானால் குடம் சுமப்பவளும் தவசிதானே, அவள் பொறுமையைப் போற்றினால் போதாதா? போதாது. குறளின் முதற்கூறு சுமப்பவருக்குச் சொன்னது. இரண்டாம் கூறு சுமத்துபவரையும் கட்டும். சுமையை இன்னொருவர் தலையில் வைத்துவிட்டு அவருடைய பொறுமையைப் பாராட்டுபவர் அந்த இரண்டாம் கூறை மீறியவர். ஏழைப் பெண்ணின் பாட்டைத் தியாகம் என்று புகழும் பேச்சு நம்மிடையே ஏராளம். அந்தப் புகழ்ச்சி அவள் குடத்திலிருந்து ஒரு சொட்டு நீரைக்கூடக் குறைத்ததில்லை.

1991-இல் புதுக்கோட்டையில் தொடங்கிய அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் இந்த இடத்தில்தான் கை வைத்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தறிவோடு சைக்கிளும் கற்பது என்று முடிவாயிற்று. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமப்புறப் பெண்கள் ஓட்டக் கற்றதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார். லேடீஸ் சைக்கிள் போதவில்லை. பலர் ஆண்கள் ஓட்டும் பார் வண்டியிலேயே கற்றார்கள். சேலையோடு அந்தப் பாரைத் தாண்டிக் கால்போடுவது லேசில்லை. ஆனாலும் சிலர் அந்த வண்டியே தோது என்றார்கள்: பாரில் பிள்ளையை உட்காரவைக்கலாம். தண்ணீரும் பிள்ளையும் விளைபொருளும் வண்டியில் ஏறின. கேலி பேசியவர்கள் பேசினார்கள். 1992 மார்ச் 8, பெண்கள் தினத்தன்று, ஹேண்டில்பாரில் கொடி கட்டிய 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை வீதிகளில் ஓட்டிச் சென்றார்கள்.

அவர்கள் தலையிலிருந்த சுமை சக்கரத்துக்கு மாறியதே தவிர மறையவில்லை. நீர் எடுக்க வேண்டும், குவாரிக்குப் போக வேண்டும். மேட்டில் மிதிக்கும் வலியும் புதிதாகச் சேர்ந்தது. ஆனால் எப்போது கிளம்புவது, எந்த வழியில் போவது, பஸ்ஸுக்காகவும் வீட்டு ஆண்களுக்காகவும் காத்திருப்பதா என்பதெல்லாம் அவர்கள் கைக்கு வந்தன. படும் பாடு நோற்கும் நோன்பாக மாறும் இடம் இதுதான். வலி கூடினாலும் அது அவளுடைய வலி. துறப்பதற்கு முதலில் தனக்கென்று ஏதாவது இருக்க வேண்டும் என்பதைத் துறவு நூல்கள் சொல்லாமலே எடுத்துக்கொள்கின்றன. இந்தப் பெண்களுக்குத் தங்கள் கால்கள் போகும் திசைகூட அதுவரை தங்களுடையதாக இல்லை.

துறவு பெண்ணுக்கும் உரியதா என்பது சமணத்துக்குள்ளேயே தீராத வழக்கு. பெண்ணுடலோடு வீடுபேறு அடைய முடியுமா என்று கேட்டால், சுவேதாம்பரப் பிரிவினர் முடியும் என்பர், திகம்பரப் பிரிவினர் முடியாது என்பர். தமிழ்ச் சமணர் திகம்பரர். அவர்களிடையிலும் குரத்தியர் எனப்பட்ட பெண் ஆசிரியர்கள் இருந்ததைக் கழுகுமலைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. கோட்பாடு கதவை மூடியபோதும் நடைமுறையில் பெண்கள் மலைமேல்தான் இருந்தார்கள்.

துறவியின் ஏற்றத்துக்கும் சைக்கிள்காரியின் ஏற்றத்துக்கும் இன்னொரு வேறுபாடும் உண்டு. சிகரம் பயணத்தின் முடிவு. கணவாய் அப்படியல்ல, இரு மலைகளுக்கிடையே அந்தப்பக்கம் இறங்குவதற்கான வழி. உண்ணாநோன்பிருக்க ஏழடிப்பட்டத்துக்கு ஏறியவர் இறங்கும் எண்ணம் இல்லாமல் ஏறினார். அவருக்கு அந்தக் கற்படுக்கைதான் கடைசி இடம். கண்மாய்க்கரை ஏறிய சைக்கிள்காரிக்கு மேடு கடக்க வேண்டிய ஒன்று. கரையின் உச்சியில் ஒரு கணம் மிதிப்பதை நிறுத்துவாள், காற்று முகத்தில் அடிக்கும், வண்டி தானாக உருளத் தொடங்கும். பாரில் இருக்கும் பிள்ளை கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொள்ளும். கரைக்கு அந்தப்பக்கம் பள்ளிக்கூடமும் சந்தையும் அவளுக்காகக் காத்திருக்கும் வேலையும் இருக்கின்றன.