சிறிய அசௌகரியம்

பெங்களூரில் குடியேறிய நாம் முதலில் கற்கும் தொடர், ‘ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாடி’. நெரிசல் பேருந்தில் ஒருவர் சற்றே நகரச் சொல்லும்போது அது இனிக்கிறது. அறிவிப்புப் பலகையில் ‘இன்கன்வீனியன்ஸ் ரிக்ரெட்டட்’ என்று படிக்கும்போதோ கசக்கிறது. இரண்டுமே துன்பத்தைக் குறைத்துக் கூறும் சொற்கள். வேறுபாடு யாது?

1982 ஜூன் 24 அன்று, ஜாவாத் தீவின் கலுங்குங் எரிமலைச் சாம்பலில் சிக்கிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தின் நான்கு எஞ்சின்களும் நின்றன. தலைமை விமானி எரிக் மூடி அதனைச் சிறு சிக்கல் என்றே பயணிகளுக்கு அறிவித்தார். எஞ்சின்கள் நின்றதை மறைக்கவுமில்லை. பின்னர் அவை மீண்டும் இயங்க, விமானம் ஜகார்த்தாவில் பத்திரமாக இறங்கியது. அடக்கிச் சொன்னவரும் அதே விமானத்தில்தான் இருந்தார்.

ஒற்றை அறையில் ஐவர் படுத்துறங்கிய நாளில், நாமும் தந்தைக்கு ‘லிட்டில் இன்கன்வீனியன்ஸ்’ என்றே எழுதினோம். அது நம் துன்பத்தின்மேல் நாமே போர்த்திய போர்வை. பின்னொரு நாள், ஓய்வூதியம் தாமதமாகி நம் மேசைமுன் நின்ற முதியவரிடமும் அதே சொற்களைக் கூறினோம். அவர் மறுமொழியின்றித் திரும்பினார். அன்று அச்சொல் அவர் வாய்க்கு நாம் இட்ட பூட்டாயிற்று.

தீங்கற்ற சொல்லே வாய்மை என்பது வள்ளுவர் கருத்து. தன் துன்பத்தைக் குறைத்துரைப்பது அடக்கம். பிறர் துன்பத்தை அவ்வாறு உரைப்பது தீங்கே. அதன் அளவைச் சொல்லும் உரிமை, அதனைச் சுமப்பவருக்கே உண்டு.